டொமைனைத் தடுத்தோம், கப்பல் அறிவிப்பும் நின்றது: ஒரு மெயில் சர்வர் நிகழ்வு ஆய்வு

திருநெல்வேலிப் பக்கம் நான்கைந்து நிறுவனங்களுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒன்றில் நான் செய்த தவறும், அதைச் சரிசெய்ய எடுத்த வழியும் கீழே இருக்கிறது. நிறுவனத்தாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ கம்பெனிகளின் பெயரோ வராது.

பின்னணி

பாளையங்கோட்டையில் அலுவலகம், வல்லநாடு போகிற சாலையில் குடோன். ஏற்றுமதிச் சரக்கு நிலாவாரை இலையும் காயும். வெளிநாட்டார் இதைச் சென்னா என்பார்கள். மலமிளக்கி மருந்துகளுக்கும் மூலிகைத் தேநீருக்கும் போகிறது. அவர்களுடைய மருந்து நூல்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் ஊர்ப்பெயரோடுதான் அச்சாகியிருக்கும். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகும்.

மொத்தம் 14 மெயில் பெட்டிகள். வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்குகிறது, டவ்காட் பெட்டியில் வைக்கிறது, இடையில் ஸ்பேம்அசாசின் வடிகட்டுகிறது. பெட்டிக்கு மாதம் இவ்வளவு என்று வாங்கும் பெரிய சேவைகளுக்கு ஏன் மாறவில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். பழைய கடிதங்கள் பல ஆண்டுக்கு உண்டு. அதை நகர்த்த முதலாளிக்கு மனமில்லை. அவரை ஊரில் எல்லாரும் அழைப்பதுபோல இங்கேயும் அண்ணாச்சி என்றே சொல்கிறேன்.

இந்த நிறுவனத்துக்கு வடிகட்டி வைப்பதில் ஒரு தனிச் சிக்கல். ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். நாம் மாற்றாதவரை 5 தொட்டால் ஸ்பேம். அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி, எந்தச் சொற்கள் எந்த வகை மெயிலில் வருகின்றன என்று அது கற்றுக்கொள்வதிலிருந்து வருகிறது. ஸ்பேமில் நிறைய வருவது மருந்து, எடை குறைப்பு, வயிறு சுத்தம். அண்ணாச்சிக்கு வரும் உண்மையான ஆர்டரும் அதையேதான் பேசும். ஜெர்மனியிலிருந்து 'எடைக்குறைப்புத் தேநீருக்கு இலை வேண்டும்' என்று ஒருவர் எழுதினால் வடிகட்டி மிரண்டுவிடும். அதனால் எனக்கு முன்னால் பார்த்த பையன் அந்தக் கற்றல் பகுதியை அணைத்துவிட்டு, டொமைன் பெயரை, அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியை, வைத்துத் தடுக்கும் முறைக்குப் போயிருந்தான். முடிவில் தவறில்லை. அவன் விட்டுப்போன தடைப் பட்டியலில் 61 வரிகள் இருந்தன. எந்த வரியிலும் தேதி இல்லை, காரணம் இல்லை.

அதில் பத்துப் பதினைந்து வரிகள் புள்ளியில் தொடங்கின. துணை டொமைன்களையும், அதாவது அதே பெயருக்கு முன்னால் இன்னொரு சொல்லும் புள்ளியும் சேர்ந்து வருபவற்றையும், சேர்த்துத் தடுக்க வேண்டும் என்று அப்படி எழுதியிருக்கிறான். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பில், இந்த மாதிரி தடைப் பட்டியலில் வெறும் டொமைனை எழுதினாலே துணை டொமைன்களும் அதில் அடங்கிவிடும். புள்ளி வைத்து எழுதிய வரியை அது தேடவே தேடாது. ஆகவே அந்த வரிகள் எழுதிய நாளிலிருந்து ஒரு மெயிலையும் தடுத்ததில்லை. வேலை செய்யாத பூட்டு என்று அப்போது சிரித்தேன். வெறும் டொமைனை எழுதினால் துணை டொமைன்கள் அத்தனையும் அடங்கும் என்ற மறுபாதிதான் பின்னால் என்னைக் கடித்தது.

அண்ணாச்சியின் புகார்

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, காலையில பொட்டியத் தொறந்தா ஒரே ஆளு நாலு மெயில் போட்டிருக்கான். கண்காட்சிக்கு வந்தவங்க லிஸ்டு தாரேன்னு. வேண்டாம்னு எழுதிப் பாத்தாச்சு. இவன முதல்ல நிப்பாட்டும்."

ஏற்றுமதி செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை இது. வர்த்தகக் கண்காட்சிக்கு வந்தவர்களின் முகவரிப் பட்டியலை விற்பதாகச் சொல்லி எழுதுவார்கள். 14 பெட்டிக்கும் வந்துகொண்டிருந்தது. அனுப்புநர் இடத்தில் எப்போதும் ஒரே டொமைன். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

முதல் தடை: ஒன்றும் நிற்கவில்லை

அனுப்புநர் தடைப் பட்டியலில் அந்த டொமைனை எழுதி, பக்கத்தில் 'ரிஜெக்ட்' என்று போட்டு, போஸ்ட்மேப் ஓட்டினேன். எழுதிய கோப்பை சர்வர் நேரடியாகப் படிக்காது, போஸ்ட்மேப் அதிலிருந்து செய்து தரும் அட்டவணையைத்தான் படிக்கும். இந்தப் படியை மறப்பவர்கள் நிறையப் பேர். நான் மறக்கவில்லை. அட்டவணையிடம் அந்த டொமைனைக் கேட்டுப் பார்த்தேன், 'ரிஜெக்ட்' என்று பதில் வந்தது.

மறுநாள் காலை நான்கு மெயில்கள்.

இரண்டு மணி நேரம் வேண்டாத இடத்தில் தேடினேன். அனுப்புநரைச் சோதிக்கும் விதிக்கு முன்னால் வேறு ஏதாவது விதி 'சரி, உள்ளே விடு' என்று சொல்லிவிடுகிறதா என்று வரிசையைப் பார்த்தேன். இல்லை. அட்டவணையின் கோப்பு வகை மாறியிருக்கிறதா? இல்லை. சர்வரை மறுபடி தொடங்கியும் பார்த்தேன். காரணம் தெரியாதபோது எல்லாரும் செய்வதுதானே. கடைசியாகத்தான் லாக்கை, அதாவது வந்தது போனதையெல்லாம் சர்வர் குறித்துவைக்கும் பதிவேட்டை, திறந்தேன். முதலில் திறந்திருக்க வேண்டியது அதைத்தான்.

லாக்கில் அந்த மெயில் உள்ளே வந்த வரியில் அனுப்புநர் என்று இருந்தது வேறு ஒரு டொமைன். அண்ணாச்சி திரையில் பார்த்த பெயர் அங்கே எங்குமே இல்லை.

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தாளின் தலையில் அனுப்புநர், பெறுநர் என்று எழுதுவோம். ஆனால் தபால்காரர் அதைப் பார்ப்பதில்லை. அவருக்கு உறையின் மேல் இருக்கும் முகவரிதான் கணக்கு. ஆள் இல்லையென்று கடிதம் திரும்பும்போதும் உறையின் மேல் எழுதிய அனுப்புநருக்கே திரும்பும். மெயிலும் அப்படியே. ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசத் தொடங்கும்போது 'மெயில் ஃப்ரம்' என்று சொல்வது உறை முகவரி. திரையில் தெரியும் 'ஃப்ரம்' தாளின் தலையில் எழுதியது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. 2008 அக்டோபரில் வந்த விதிநூல்களிலும் இவை தனித்தனி: உறையின் விதி ஆர்எஃப்சி 5321, தாளின் விதி ஆர்எஃப்சி 5322.

நான் போட்ட தடை உறையைப் பார்ப்பது. நான் எழுதிய பெயர் தாளில் இருந்தது. நிற்காமல் போனதில் வியப்பில்லை.

இரண்டாம் தடை: நின்றது

உறையில் இருந்த முகவரி நீளமானது. 'பவுன்ஸ்' என்று தொடங்கி, ஓர் எண், அதன் பிறகு நம் பெட்டியின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு துணை டொமைன். மொத்தமாக மெயில் அனுப்பித் தருகிற சேவைகள் இப்படித்தான் எழுதுவார்கள். எந்தப் பெட்டிக்குப் போனது திரும்பி வந்தது என்று முகவரியிலிருந்தே கண்டுகொள்ள இது வசதி. ஸ்பேம் அனுப்பிய ஆள் அப்படியொரு சேவைக்குக் காசு கட்டி அனுப்பிக்கொண்டிருந்தான்.

துணை டொமைனின் முன்பகுதி இரண்டு நாளைக்கு ஒருமுறை மாறியது. தாய் டொமைன் மாறவில்லை. தாய் டொமைனைப் பட்டியலில் எழுதினேன்.

அப்போது எனக்கு இருந்த காரணங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அந்தச் சேவையின் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அதனால் இது ஸ்பேம்காரர்களுக்கென்றே இருப்பது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு, அண்ணாச்சி தினமும் போன் செய்துகொண்டிருந்தார். மூன்று, முதல் தடை வேலை செய்யாததில் எனக்குக் கொஞ்சம் மானப் பிரச்சினை. அந்தத் தாய் டொமைனிலிருந்து கடந்த ஒரு மாதத்தில் வேறு என்னவெல்லாம் வந்தது என்று லாக்கில் தேட ஒரே ஒரு கட்டளை போதும். அதை ஓட்டவில்லை.

மறுநாள் காலை ஒரு மெயிலும் வரவில்லை. அண்ணாச்சிக்கு சந்தோஷம். "இப்பத்தான்யா பொட்டி பொட்டி மாதிரி இருக்கு" என்றார்.

பதினோராம் நாள்

தடை போட்ட பதினோராம் நாள், வியாழக்கிழமை. கண்டெய்னர் ஒன்று குடோனிலிருந்து கிளம்பித் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. துறைமுகத்தில், நேரம் முடிந்துவிட்டது, இந்தக் கப்பலுக்கு ஏற்ற முடியாது என்றார்கள். கப்பல் முன்கூட்டியே வருவதால், கண்டெய்னர் உள்ளே வர வேண்டிய கடைசி நேரத்தைக் கப்பல் கம்பெனி ஒரு நாள் முன்னுக்கு இழுத்திருந்தது. அந்த அறிவிப்பு மெயிலில்தான் போகும். இங்கே யாருக்கும் வரவில்லை.

கண்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளினார்கள். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டால் கொழும்பில் பிடிக்க வேண்டிய பெரிய கப்பலும் போய்விடும். ஆகக் கூடி எட்டு நாள் தாமதம், நாட்கூலி போல ஏறும் கட்டணம், வாங்குபவரிடமிருந்து ஒரு கடுமையான கடிதம்.

கப்பல் ஆவணங்களைப் பார்க்கும் அக்கா ஒருவர் அந்த அலுவலகத்தில் 20 வருஷமாக இருக்கிறார். அவர்தான் முதலில் சரியாகச் சொன்னார்: "தம்பி, தூத்துக்குடி ஆபீஸ்ல இருந்து அந்தப் பையன் கையால போடுத மெயில் எல்லாம் வருது. கம்ப்யூட்டர் தானா போடுத மெயில்தான் ஒரு வாரமா ஒண்ணையும் காணோம். நான் சீசன் கொறஞ்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்."

கையால் போடுவது வருகிறது, தானாகப் போவது வரவில்லை. இந்த ஒரு வரியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வயிற்றைப் பிசைந்தது என்றே சொல்ல வேண்டும்.

லாக்கில் கண்டது

'அனுப்புநர் முகவரி மறுக்கப்பட்டது' என்ற பொருளில் 554 எண்ணோடு வரும் வரிகளை லாக்கிலிருந்து பிரித்தெடுத்தேன். 11 நாளில் 212 வரிகள். 180க்கு மேல் அந்தப் பட்டியல் வியாபாரியுடையது. மீதியில் கப்பல் கம்பெனியின் தானியங்கி அறிவிப்புகள் 9. ஒரு கூரியர் நிறுவனத்தின் தகவல்கள். இலையில் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் சோதனைக்கூடத்திலிருந்து 'அறிக்கை தயார்' என்ற அறிவிப்பு 2. ஒரு வர்த்தக அமைப்பின் செய்திமடல்.

எல்லாரும் அதே சேவையின் வாடிக்கையாளர்கள். தாளில் அவரவர் பெயர், உறையில் எல்லாருக்கும் அந்தச் சேவையின் துணை டொமைன். நான் பெயர் கேள்விப்படாத அந்தச் சேவை, என் அறியாமையை மட்டுமே காட்டியது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மறுத்த மெயில் நம் கையில் இல்லை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக மறுப்பைப் பெறுநர் பெயர் சொல்லும் கட்டம்வரை தள்ளிவைக்கும். அதனால்தான் யாரிடமிருந்து யாருக்கு என்பது இரண்டும் லாக்கில் விழுகிறது. ஆனால் கடிதத்தின் உடல் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். உறையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பினால், உள்ளே என்ன எழுதியிருந்தது என்று யாராலும் எடுத்துத் தர முடியாது. குப்பைப் பெட்டியில் போட்டிருந்தால் தோண்டியெடுத்திருக்கலாம்.

இரண்டாவது, மறுத்தால் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கையாக இருந்தது. ஆள் அனுப்பிய மெயிலென்றால் உண்மை. திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டு போன் செய்வார். இது இயந்திரம் அனுப்பியது. மறுப்பு போய்ச் சேர்ந்தது அந்தச் சேவையின் இயந்திரத்துக்கு. கப்பல் கம்பெனியில் ஒரு மனிதர் கண்ணிலும் அது படவில்லை. அவர்கள் கணக்கில் அறிவிப்பு அனுப்பியாயிற்று.

அனுப்புநரைச் சரிபார்க்க எஸ்பிஎஃப், டிகேஐஎம் என்ற முறைகளெல்லாம் இருக்கிறதே, அவை இந்த ஸ்பேமைப் பிடிக்காதா என்று அண்ணாச்சியின் மகன் கேட்டார். நல்ல கேள்வி. எஸ்பிஎஃப், இந்த உறை முகவரியின் டொமைன் இந்த சர்வரிலிருந்து அனுப்ப அனுமதித்திருக்கிறதா என்று பார்ப்பது. உறையில் இருப்பது சேவையின் டொமைன், அனுப்புவதும் சேவையின் சர்வர். தேர்ச்சிதான். டிகேஐஎம் என்பது மெயிலோடு வரும் டிஜிட்டல் கையொப்பம். அந்தக் கையொப்பமும் சேவையுடையதாக இருக்கலாம், அதுவும் தேர்ச்சி. தாளில் உள்ள பெயரோடு இவை பொருந்துகின்றனவா என்று கேட்பது டிமார்க். அந்த வியாபாரி தன் டொமைனுக்கு டிமார்க்கும் ஒழுங்காக வைத்திருந்தான். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும், மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இவை மூன்றும் வேண்டும் என்று கட்டாயமாக்கியபிறகு, ஸ்பேம் அனுப்புகிறவர்களும் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்கிறார்கள். இவை ஆள் யார் என்று சொல்லும். நல்லவனா என்று சொல்லாது.

தடையை எடுத்த பிறகும்

வியாழன் மதியமே அந்த வரியை நீக்கி, போஸ்ட்மேப் ஓட்டி, சோதித்தேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் கப்பல் கம்பெனியின் தானியங்கி மெயில் ஒன்றுகூட வரவில்லை. கூரியர் தகவல் மட்டும் வரத் தொடங்கியிருந்தது. இந்த முறை லாக்கில் மறுப்பும் இல்லை. மெயில் நம் வாசலுக்கே வரவில்லை.

இது எனக்குப் புதுப் பாடம். மொத்த மெயில் சேவைகள், ஒரு முகவரி நிரந்தர மறுப்பு கொடுத்தால், அதாவது 5இல் தொடங்கும் எண் வந்தால், அந்த முகவரியை 'இனி அனுப்பாதே' என்ற பட்டியலில் சேர்த்துவிடுவது உண்டு. எந்த மறுப்புக்குச் சேர்ப்பது என்பது சேவைக்குச் சேவை, அமைப்புக்கு அமைப்பு மாறும். செத்த முகவரிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் அவர்கள் பெயர் கெடும் என்பதால் செய்வது. நாம் தடையை எடுத்தாலும் அந்தப் பட்டியல் தானாக அழியாது. நம் பக்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, அந்தப் பக்கம் தெருவிலேயே வராமல் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா தூத்துக்குடி அலுவலகத்துக்குப் போன் செய்தார். அவர்களுக்கு இப்படியொரு பட்டியல் இருப்பதே தெரியாது. அங்கிருந்து தலைமை அலுவலகத்துக்குப் புகார் போய், திங்கள் மாலை அந்தப் பட்டியலிலிருந்து நம் முகவரிகள் மூன்றை நீக்கினார்கள். செவ்வாய்க் காலை முதல் அறிவிப்பு வந்தது. சோதனைக்கூடத்தோடும் அதே கூத்து, நான்கு நாள். செய்திமடல்காரர்களை நாங்கள் கேட்கவே இல்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை.

நான் முதலிலேயே 4இல் தொடங்கும் தற்காலிக மறுப்பு கொடுத்திருந்தால், அந்தச் சேவை சில நேரம் கழித்து மறுபடி முயன்றிருக்கும். தவறான தடை என்று ஒருநாளுக்குள் தெரிந்திருந்தால் கடிதமும் வந்திருக்கும், பட்டியலிலும் ஏறியிருக்காது. புதிய தடைகளுக்கு இப்போது முதல் சில நாள் அப்படித்தான் வைக்கிறேன்.

மாற்றி அமைத்தது

தாளில் உள்ள பெயரை வைத்து எப்படித் தடுப்பது என்பதற்கு இரண்டு வழிகள் இருந்தன. போஸ்ட்ஃபிக்ஸிலேயே தலைப்பு வரிகளை, அதாவது தாளின் தலையில் வரும் 'ஃப்ரம்' போன்றவற்றை, சோதித்து மறுக்கும் வசதி உண்டு. அதை முதலில் போட்டேன். அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார்: "தம்பி, நீங்க கேட்ட மாதிரி அந்தக் குப்பையை இணைச்சு உங்களுக்கு அனுப்புதேன், போக மாட்டேங்கி." இணைப்பாக வைத்த மெயிலின் உள்தலைப்புகளையும் அந்தச் சோதனை பார்க்கும், வெளியே போகிற மெயிலையும் பார்க்கும். எனக்கு மாதிரி அனுப்பினால் அதையும் திருப்பிவிட்டது. அதற்கெனத் தனி அமைப்பு உண்டு, மாற்றலாம். ஆனால் மறுபடியும் வாசலில் திருப்புகிற முறையே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. எடுத்துவிட்டேன்.

இரண்டாவது வழி, ஸ்பேம்அசாசினின் சொந்தத் தடைப் பட்டியல். அது உறை முகவரியோடு தாளின் 'ஃப்ரம்' வரியையும் பார்க்கும். பட்டியலில் இருந்தால் 100 மதிப்பெண் போடும். மெயில் உள்ளே வரும், நேரே குப்பைப் பெட்டிக்குப் போகும், 30 நாள் கிடக்கும். அண்ணாச்சிக்குத் தேவை காலையில் கண்ணில் படாமல் இருப்பதுதான். அது கிடைத்துவிட்டது.

உறை டொமைனை வாசலில் மறுப்பது முழுக்கப் போகவில்லை. அந்த டொமைன் ஸ்பேம்காரனுக்கு மட்டுமே சொந்தம் என்று உறுதியானால் போடுகிறேன். அதற்கு முன் இரண்டு படிகள். பழைய லாக்கில் அந்த டொமைனும் அதன் துணைகளும் வேறு எதற்கு வந்திருக்கின்றன என்று தேடுவது. பிறகு ஏழு நாள், மறுக்காமல் 'மறுத்திருப்பேன்' என்று லாக்கில் மட்டும் எழுதும் எச்சரிக்கை முறையில் ஓட்டுவது. போஸ்ட்ஃபிக்ஸில் இந்த வசதி வெகுநாளாக இருக்கிறது. நான்தான் பயன்படுத்தியதில்லை.

இதைவிட முக்கியம் என்று நான் நினைப்பது சனிக்கிழமைத் தாள். அந்த வாரம் வாசலில் மறுத்தவை, எச்சரிக்கையில் விழுந்தவை எல்லாவற்றையும் டொமைன்வாரியாக ஒரு தாளில் அச்சிட்டு அக்காவிடம் போகும்படி செய்தேன். எனக்கு அந்தப் பெயர்கள் வெறும் எழுத்துகள். அவருக்கு அதில் ஒன்று பழைய வாடிக்கையாளர், ஒன்று சரக்கு முகவரின் புதுக் கிளை. முதல் தாளிலேயே எச்சரிக்கையில் இருந்த ஒரு பெயரைச் சுழித்து, "இது நம்ம இன்சூரன்ஸ்காரங்க" என்று எழுதியனுப்பினார்.

அந்தப் பட்டியல் வியாபாரி? ஆறு வாரத்தில் மூன்று டொமைன் மாற்றினான். ஒவ்வொன்றையும் ஸ்பேம்அசாசினில் சேர்த்தோம், அவன் அடுத்ததற்குப் போனான். கடைசியில் அவனை நிறுத்தியது தடை இல்லை. ஒவ்வொரு டொமைனிலும் 'அபியூஸ்' என்ற பெயரில் புகார் பெட்டி இருக்க வேண்டும் என்று 1997லேயே விதி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சேவையின் அந்தப் பெட்டிக்கு, முழுத் தலைப்பு வரிகளோடு ஐந்து மாதிரிகளை அனுப்பினேன். நான்காம் நாள் அவன் மெயில் அந்தச் சேவையிலிருந்து வருவது நின்றது. முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. பிறகு வேறு இடத்திலிருந்து எப்போதாவது வருகிறான்.

பின்விளைவு

எட்டு நாள் தாமதத்துக்கு வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்யவில்லை. கட்டணத்தை நிறுவனம் கட்டியது. அந்த மாதச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொன்னேன். அண்ணாச்சி, "தப்பு உம்ம மேல பாதி, நிப்பாட்டு நிப்பாட்டுன்னு நச்சரிச்ச என் மேல பாதி" என்று சொல்லிப் பாதியைக் கொடுத்தார். கணக்கு நியாயமாகத்தான் பட்டது.

இன்னொரு வகை ஸ்பேம் தீரவில்லை. வாங்குபவரின் டொமைனில் ஓர் எழுத்தை மாற்றிப் பதிவுசெய்து, 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று எழுதுகிறவர்கள். அவர்களுக்கு டொமைன் தடை உதவாது. ஒவ்வொரு முறையும் புதுப் பெயரோடு வருவார்கள். அதற்கு ஒரே ஏற்பாடு, கணக்கு எண் மாறுவதாக எந்த மெயில் வந்தாலும் பழைய போன் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் போடக் கூடாது என்று அலுவலகத்தில் எழுதி ஒட்டியது.

மறுபடி செய்தால்

லாக்கை முதலில் திறப்பேன். புகார் சொல்கிறவர் திரையில் காணும் பெயரைக் கேட்டுக்கொண்டு நேரே தடைப் பட்டியலுக்குப் போகமாட்டேன். தாய் டொமைனை எழுதுமுன் அதன் கீழே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். தடை போட்ட அன்றே அலுவலகத்தில் எல்லாரிடமும், இந்த வாரம் வழக்கமாக வருவது ஏதாவது வராவிட்டால் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அக்காவுக்கு அது மூன்றாம் நாளே தெரிந்திருந்தது. அது சொல்ல வேண்டிய விஷயம் என்பதுதான் தெரியவில்லை.

முன்னாள் பையன் விட்டுப்போன 61 வரிகளில் புள்ளியில் தொடங்கியவற்றை உடனே அழித்தேன். மற்றவற்றை வாரத்துக்கு ஐந்தாக எச்சரிக்கை முறைக்கு மாற்றி, சனிக்கிழமைத் தாளில் பார்த்து, யாரும் கேட்காதவற்றை நீக்குகிறோம். வைத்திருப்பவற்றுக்குப் பக்கத்தில் தேதியும், கேட்டவர் யார் என்பதும், காரணமும் எழுதுகிறேன். இன்னும் 12 வரிகள் பாக்கி.